சோப்பா, ஃபேஸ்வாஷா, லோஷனா, களிம்பா: அன்றாடச் சருமப் பராமரிப்பில் எதைத் தேர்வது?

அன்றாடம் சருமத்துக்குச் செய்ய வேண்டியவை மூன்றுதான்: அழுக்கைக் கழுவுதல், ஈரப்பதத்தைக் காத்தல், வெயிலிலிருந்து பாதுகாத்தல். ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் பலவகைப் பொருள்கள் கிடைப்பதால், எதை வாங்குவது என்ற கேள்வி எளிதில் தீர்வதில்லை. அந்த வகைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த மாய்ஸ்சரைசர் நல்லது என்று யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது எதைக்கொண்டு கழுவுகிறோம் என்று யோசிப்பதற்குக் கொடுத்தால், பலருக்குப் பூச வேண்டிய தேவையே பெருமளவு குறைந்துவிடும்.

இதற்குக் காரணம் தோலின் அமைப்பிலேயே இருக்கிறது. தோலின் ஆக மேலே உள்ள அடுக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற இடங்களைத் தவிர, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அல்லது இரு பங்கு தடிமன்தான் கொண்டது. அதில் தட்டையான, உயிரற்ற செல்கள் ஏறத்தாழ 15 முதல் 20 வரிசைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. செங்கற்களுக்கு இடையே சாந்து பூசியதுபோல் அவற்றின் இடைவெளிகளைக் கொழுப்புப் பொருள்கள் நிரப்பியிருக்கின்றன. அந்தக் கொழுப்பில் ஏறக்குறைய பாதி செராமைடு, கால்பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். செல்களுக்குள்ளே அமினோ அமிலங்கள், லாக்டேட், யூரியா போன்ற நீரைப் பிடித்துவைக்கும் பொருள்கள் உள்ளன. உடலின் நீர் ஆவியாகி வெளியேறாமல் தடுப்பது அந்தக் கொழுப்பு. மேலடுக்கு மிருதுவாக வளைந்து கொடுக்கக் காரணம் அந்த நீர்பிடிக்கும் பொருள்கள். கழுவும்போது அழுக்கோடு சேர்ந்து இவ்விரண்டிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. எவ்வளவு போகிறது என்பதைத் தீர்மானிப்பது நாம் தேர்ந்தெடுக்கும் கழுவுபொருள்.

கழுவுவதற்கான கட்டிகளில் இரண்டு வகை உண்டு. தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. ஒன்று, எண்ணெயையோ கொழுப்பையோ காரத்துடன் வினைபுரியச் செய்து தயாரிக்கும் உண்மையான சோப்பு. மற்றொன்று, சின்டெட் என்று அழைக்கப்படும், செயற்கைக் கழுவுபொருளால் ஆன கட்டி. உண்மையான சோப்பின் பி.எச். அளவு, அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், 9 முதல் 10 வரை இருக்கும். சற்று மேலேயும் போகலாம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்போ 4.5 முதல் 5.5 வரையிலான அமிலத்தன்மை உடையது. ஜெர்மானிய மருத்துவர்களான ஹைன்ரிக் ஷாடேயும் ஆல்ஃப்ரட் மார்க்கியோனினியும் 1928இல் இதை ‘அமிலப் போர்வை’ என்று பெயரிட்டு விளக்கினார்கள். அந்த அமிலத்தன்மைக்கு இரண்டு வேலைகள் உண்டு. செராமைடைத் தயாரிக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் நன்றாகச் செயல்படுகின்றன. செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இணைப்புகளை அறுக்கும் நொதிகளோ காரச் சூழலில்தான் வேகம் பிடிக்கின்றன. சோப்பினால் பி.எச். உயரும்போது, கட்டுவது தளர்ந்து அவிழ்ப்பது முடுக்கிவிடப்படுகிறது. நல்ல தோல் சில மணி நேரத்தில் தன் நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் ஏற்கெனவே வறண்ட தோலுக்கும், முதியவர்களின் தோலுக்கும், கரப்பான் எனப்படும் எக்சிமா உள்ளவர்களின் தோலுக்கும் அந்த மீட்சி தாமதமாகிறது. அதற்குள் அடுத்த குளியல் வந்துவிடுகிறது.

கடின நீர் இந்தக் குறையை மேலும் பெரிதாக்குகிறது. அந்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் உண்மையான சோப்புடன் சேர்ந்து கரையாத படிவமாக மாறுகின்றன. வாளியின் விளிம்பில் படியும் அதே வெள்ளைப் படலம் தோலிலும் தங்குகிறது. நுரை வரவில்லையே என்று இன்னும் அதிகமாகச் சோப்புத் தேய்ப்போம், தங்குவதும் அதிகமாகும். சின்டெட் கட்டிகள் இப்படிப் படிவதில்லை, பி.எச். அளவையும் விரும்பியபடி அமைத்துக்கொள்ள முடியும். நீரை மென்மையாக்கும் கருவியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: எக்சிமா உள்ள 336 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், வீட்டில் அத்தகைய கருவியைப் பொருத்தியதால் நோயில் பயன் எதுவும் தெரியவில்லை. நீரை மாற்றுவதற்குச் செலவு செய்வதற்கு முன் சோப்பை மாற்றிப் பார்ப்பதே முறை.

சோப்புக்குச் சோப்பு எரிச்சல் மாறுபடும் என்பது வெறும் அனுபவக் கூற்றாக நின்றுவிடவில்லை. 1979இல் பீட்டர் ஃப்ராஷும் ஆல்பர்ட் கிளிக்மனும், முன்கைத் தோலின் மேல் சிறு கிண்ணங்களை ஒட்டி, அவற்றில் சோப்புக் கரைசலை வைத்து, சில நாள்கள் தொடர்ந்து தோலின் சிவப்பையும் செதிலையும் மதிப்பிடும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். சந்தையிலிருந்த சோப்புகளுக்கு இடையே எரிச்சலூட்டும் தன்மையில் பெரும் ஏற்றத்தாழ்வு இருப்பது அதில் புலப்பட்டது. சின்டெட் கட்டிகளில் பெயர்பெற்றதான டவ் அதற்கு வெகுகாலம் முன்பே, 1957இல், அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. எது எந்த வகை என்பதை உறையின் பின்புறப் பட்டியல் காட்டிக்கொடுக்கும்: முதல் பொருள் சோடியம் பால்மேட், சோடியம் டாலோவேட், சோடியம் கோகோவேட் என்று இருந்தால் அது உண்மையான சோப்பு, சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் அல்லது சோடியம் லாராயில் ஐசெதியோனேட் என்று இருந்தால் அது சின்டெட். ‘மாய்ஸ்சரைசிங்’, ‘இயற்கை’, ‘மூலிகை’ என்று முன்புறத்தில் எழுதியிருப்பதைக்கொண்டு இதை அறிய முடியாது. பின்புறத்தின் முதல் வரியை மட்டும் படிக்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டால் போதும். அந்த ஒரு வரி சொல்வது வேறு எந்த விளம்பரத்தைவிடவும் அதிகம்.

திரவ வடிவ ஃபேஸ்வாஷும் பாடிவாஷும் எல்லாமே மென்மையானவை என்ற எண்ணமும் சரியன்று. அவற்றில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற கழுவுபொருள் இருந்தால் எச்சரிக்கை தேவை. தோல் எரிச்சலை ஆராய்பவர்கள், எரிச்சலை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டியபோது எடுத்துக்கொள்ளும் பொருளே அதுதான். அதன் உறவுப்பொருளான சோடியம் லாரத் சல்ஃபேட் சற்று மென்மையானது. அதனுடன் கோகமிடோபுரோபைல் பீட்டெய்ன் சேர்க்கும்போது எரிச்சல் மேலும் குறைகிறது. நுரையின் அளவு சுத்தத்தின் அளவைக் காட்டுவதில்லை. கழுவியபின் தோல் இழுத்துப் பிடிப்பதை ‘நன்றாகச் சுத்தமாகிவிட்டது’ என்று பலர் மகிழ்ச்சியோடு சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் அது தோலுக்குரிய கொழுப்பு போய்விட்டதன் அறிகுறி. ஒப்பனையையும் சன்ஸ்கிரீனையும் நீக்க உதவும் மைசெல்லார் நீரைத் துடைத்துவிட்டு அப்படியே விடலாம் என்று விற்கிறார்கள். அதிலும் கழுவுபொருள் இருப்பதால், எளிதில் சிவக்கும் தோல் உடையவர்கள் பின்னர் வெறும் நீரால் கழுவிவிடுவது நல்லது. நுரைக்காத கிளென்சிங் லோஷன்கள் வறண்ட முகத்துக்கு மிகவும் ஏற்றவை; எண்ணெய்ப்பசை மிகுந்த முகத்துக்கு அவை போதியதாகத் தோன்றாது.

கிருமிநாசினி சோப்பைப் பற்றி நீண்ட ஆலோசனை தேவையில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல், டிரைக்ளோசான் உட்பட 19 பொருள்களை நுகர்வோருக்கான கழுவுபொருள்களிலிருந்து விலக்கியது. சாதாரண சோப்பும் நீரும் தருவதைவிட அவை கூடுதல் பாதுகாப்புத் தருவதற்கும், நெடுங்காலம் பயன்படுத்தினால் பாதுகாப்பானவை என்பதற்கும் தயாரிப்பாளர்கள் போதிய சான்று காட்டவில்லை என்பது அதன் காரணம். மருத்துவர் சொன்னாலொழிய வீட்டு உபயோகத்துக்கு அவை வேண்டியதில்லை.

கழுவும் முறையையும் பொருளோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும். மென்மையான கட்டியைக்கொண்டு கொதிக்கக் கொதிக்க இருக்கும் நீரில் அரைமணி நேரம் குளிப்பதைவிட, சுமாரான கட்டியைக்கொண்டு வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடங்களுக்குள் குளித்து முடிப்பது தோலுக்கு நல்லது. அக்குள், தொடையிடுக்கு, பாதம், கண்ணுக்குத் தெரியும் அழுக்குப் படிந்த இடம் ஆகியவற்றுக்குத்தான் நாள்தோறும் கழுவுபொருள் தேவை. வியர்த்து விறுவிறுத்த நாள்களைத் தவிர, கைகால்களின் பெரும்பரப்புக்கு நீரே போதும். அடிக்கடி கை கழுவ வேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தெரிவும் உண்டு: கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது, கிளிசரின் சேர்ந்த ஆல்கஹால் கைத்தேய்ப்பு சோப்பைவிடக் குறைவாகவே தோலை வறட்டுகிறது. வெடித்த கையில் அது சுரீரென்று எரியும் என்பதால் பலர் அதையே குற்றவாளி என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் வெடிப்பை உண்டாக்கியது அதற்கு முந்தைய சோப்புதான்.

இனி பூசுவதற்கு வருவோம். மாய்ஸ்சரைசர் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன: நீரை ஈர்த்து மேலடுக்கில் நிறுத்துதல், செதில்களின் இடைவெளியை நிரப்பி மிருதுவாக்குதல், மேலே மூடி நீர் ஆவியாகாமல் தடுத்தல். நீரை ஈர்க்கும் பொருள்களில் இப்போது பெரிதும் பேசப்படுவது ஹயலுரானிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த இப்பொருள், தோலின் மேற்பரப்பில் ஈரமான, வழவழப்பான உணர்வைத் தருகிறது. ஆனால் அதன் பெரிய மூலக்கூறுகள் தோலுக்குள் எளிதில் இறங்குவதில்லை. கிளிசரினோ மிகச் சிறிய மூலக்கூறு. தோலிலேயே இயல்பாக இருக்கும் பொருளும்கூட. அக்வாபோரின்-3 என்ற புரதவாயில் மேல்தோலில் நீரோடு கிளிசரினையும் கடத்துகிறது. அக்வாபோரின் குடும்பத்தைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் அக்ரே 2003இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1779இல் வேதியியலாளர் ஷீலே கண்டறிந்த கிளிசரினைப் புதுமை இல்லாத பழைய பொருள் என்று ஒதுக்குவது தவறு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நான் தயக்கமின்றிக் கிளிசரினைத் தேர்ந்தெடுப்பேன். ஆனால் தூய கிளிசரினை அப்படியே பூசுவது சரியன்று. அது பிசுபிசுப்பாக இருப்பதோடு, வறண்ட காற்றில் தோலின் கீழடுக்குகளிலிருந்தே நீரை மேலே இழுக்கக்கூடும். கிரீமுக்குள் மற்றவற்றோடு சேர்ந்திருக்கும்போதுதான் அது சிறப்பாக வேலை செய்கிறது.

யூரியாவுக்குத் தனி இடம் உண்டு. 10 சதவீதம் வரையிலான அளவில் அது நீரைப் பிடித்துவைக்கிறது. அதற்கு மேல் போகப்போகத் தடித்த செதிலைக் கரைக்கத் தொடங்குகிறது. எனவே சொரசொரப்பான முழங்கைக்கும், வெடித்த குதிகாலுக்கும் 20 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். முகத்துக்கும் குழந்தைகளுக்கும் இந்த அளவுகள் பொருந்தா. புண்பட்ட தோலில் குறைந்த அளவுகூட எரியும்.

லோஷன், கிரீம், ஜெல், களிம்பு ஆகிய வடிவங்களில் எது சிறந்தது என்பதே பலரும் கேட்கும் கேள்வி. அவற்றுக்கிடையேயான முதன்மை வேறுபாடு எண்ணெய்க்கும் நீருக்கும் உள்ள விகிதம்தான். லோஷனில் நீர் அதிகம். பரவ எளிது, ஆனால் மூடும் சக்தி குறைவு. களிம்பில் நீர் மிகக் குறைவு அல்லது இல்லை. அதனால் அதற்குப் பதப்படுத்தும் பொருள்களும் குறைவாகவே தேவைப்படுகின்றன. கோட்பாட்டளவில் களிம்பே வெல்ல வேண்டும். எனினும் இங்கிலாந்தில் எக்சிமா உள்ள 550 குழந்தைகளிடம் இந்த நான்கு வடிவங்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வு, நோயைக் கட்டுப்படுத்துவதில் எதுவும் மற்றதைவிட மேலானதன்று என்று கண்டது. எரிச்சல் மட்டும் களிம்பில் குறைவாக இருந்தது. இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் முடிவெடுக்கும் உரிமையை அது பயன்படுத்துபவரிடமே திருப்பித் தருகிறது. பிசுபிசுப்புப் பிடிக்காமல் அலமாரியிலேயே கிடக்கும் களிம்பைவிட, நாள்தோறும் இருமுறை தாராளமாகப் பூசப்படும் லோஷன் பன்மடங்கு மேல். தோல் மிருதுவாக இருக்கும்போது லோஷனும், காற்று வறண்ட நாள்களில் கிரீமும், வெடித்த இடத்துக்கு இரவில் களிம்பும் என்று ஒருவரே மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதிலும் தவறில்லை.

மூடும் பொருள்களில் பெட்ரோலியம் ஜெல்லிக்கு நிகராக எதையும் சொல்ல முடியவில்லை. ராபர்ட் செஸ்ப்ரோ 1872இல் காப்புரிமை பெற்ற இந்தப் பொருளைப் பற்றி, அது தோலின் மூச்சை அடைத்துவிடும் என்ற அச்சம் இன்னும் இருக்கிறது. 1992இல் வெளியான ஆய்வு ஒன்று, அது மேலே வெறும் உறையாக நில்லாமல் செல்களுக்கிடையே ஊடுருவி அமர்வதையும், அதே நேரத்தில் தோல் தன் தடுப்பைத் தானே சீரமைத்துக்கொள்வதைத் தடுக்காததையும் காட்டியது. அதில் மணமும் இல்லை, பதப்படுத்தும் பொருளும் தேவையில்லை என்பதால் ஒவ்வாமை மிக அரிது. தாவர எண்ணெய்கள் இந்த அளவுக்கு நீரைத் தடுப்பதில்லை. அவற்றுக்குள்ளும் வேறுபாடு பெரிது. பெரியவர்களிடம் செய்து 2013இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், சூரியகாந்தி எண்ணெய் தோலின் தடுப்பைக் கெடாமல் காத்தது, ஆலிவ் எண்ணெயோ அதைப் பலவீனப்படுத்திச் சிலருக்குச் சிவப்பையும் உண்டாக்கியது. பிந்தையதிலுள்ள ஒலியிக் அமிலம் தோலின் கொழுப்பு அடுக்குகளைக் குலைப்பதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே ‘எண்ணெய்தானே, எதுவானால் என்ன’ என்று பச்சிளங்குழந்தைக்குக் கைக்குக் கிடைத்ததைப் பூசுவது வேண்டாம். தேங்காயெண்ணெய் வறண்ட உடல்தோலுக்கு நன்றாக உதவுகிறது. பரு வரும் முகத்துக்கு அது ஏற்றதன்று. ஒரு முக்கியமான எச்சரிக்கையும் உண்டு: ஜெல்லி, களிம்பு, எண்ணெய், கிரீம் எதுவானாலும், அது ஊறிய துணியும் கட்டும் நெருப்பு பட்டால் மிக வேகமாகப் பற்றிக்கொள்ளும். அடுப்பின் அருகிலும் புகைபிடிப்பவர் அருகிலும் மிகுந்த கவனம் வேண்டும்.

குளிக்கும் நீரில் ஊற்றும் எண்ணெய்க் கலவைகள் இவற்றுக்கு மாற்றாகுமா? ஆகாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 480க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், பூசும் மாய்ஸ்சரைசரோடு அவற்றையும் சேர்த்ததால் பொருட்படுத்தத்தக்க கூடுதல் பயன் கிடைக்கவில்லை. அவை தொட்டியை வழுக்கவும் செய்கின்றன. அந்தச் செலவை, குளித்துத் துடைத்த சில நிமிடங்களுக்குள், உடல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே பூசும் ஒரு பெரிய கிரீம் புட்டிக்குத் திருப்பிவிடுவது அறிவுடைமை.

உறையில் உள்ள சொற்களை நம்பித் தேர்ந்தெடுப்பதற்கு வரம்பு உண்டு. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’, அதாவது ஒவ்வாமை உண்டாக்கும் வாய்ப்புக் குறைந்தது, என்ற சொல்லுக்கு அமெரிக்காவில்கூடச் சட்ட வரையறை இல்லை. ‘மணமற்றது’ என்பதும் ‘நறுமணப் பொருள் சேர்க்கப்படாதது’ என்பதும் ஒன்றல்ல. முன்னதில் மூலப்பொருளின் வாடையை மறைக்க நறுமணம் சேர்க்கப்பட்டிருக்கலாம். ஒவ்வாமை பற்றிய கவலை உடையவர்கள் பின்னதையே தேட வேண்டும். பாராபென் என்பது ஒருவகைப் பதப்படுத்தும் பொருள்; ‘பாராபென் இல்லை’ என்ற அறிவிப்பு ஒவ்வாமை நோக்கில் ஆறுதல் தருவதற்கில்லை: அமெரிக்கத் தொடுதோலழற்சிக் கழகம் 2019இல் பாராபென்களை, ஆண்டின் ஒவ்வாமைப்பொருள் என்று அறிவிக்கும் வழக்கத்துக்கு மாறாக, ஒவ்வாமை மிகக் குறைவானவை என்றே சுட்டிக்காட்டியது. அவற்றுக்கு மாற்றாகப் பரவிய பதப்படுத்தும் பொருள்களில் ஒன்றான மெத்தில்ஐசோதையசோலினோனைத்தான் அதே கழகம் 2013இல் ஆண்டின் ஒவ்வாமைப்பொருளாக அறிவித்திருந்தது. 2023இல் அந்த இடத்தைப் பெற்ற லனோலின், ஆட்டு ரோமத்திலிருந்து கிடைக்கும் முற்றிலும் இயற்கையான பொருள்.

எண்ணெய்ப்பசை உள்ளவர்களுக்கு மாய்ஸ்சரைசர் தேவையில்லை என்ற கருத்தோடு நான் உடன்படவில்லை, குறிப்பாகப் பரு மருந்து பூசுபவர்கள் விஷயத்தில். அந்த மருந்துகள் தோலை வறட்டுகின்றன. வறட்சி பொறுக்காமல் பலர் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். எண்ணெய் குறைந்த ஜெல் வகையோ மெல்லிய லோஷனோ அவர்களுக்குப் பொருந்தும். துளைகளைத் திறக்க வேண்டுமென்றால், சொரசொரப்பான துகள்கள் கலந்த ஸ்கிரப்பைக்கொண்டு உரசுவதைவிட, கொழுப்பில் கரையும் சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் வரை கொண்ட ஃபேஸ்வாஷ் சிறந்தது. உரசினால் அழற்சி கூடும். மாநிறமும் கருநிறமும் உள்ள தோலில் அழற்சி ஆறிய இடத்தில் கரும்புள்ளி மாதக்கணக்கில் தங்கிவிடும்.

சன்ஸ்கிரீன் வகைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் கொண்ட கனிம வகை எரிச்சல் குறைந்தது, ஆனால் மாநிறத் தோலில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். வேதி வகை கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடும், சிலருக்குக் கண் எரியும். கரும்புள்ளியோ மங்கோ உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறமூட்டிய வகையே நல்ல தெரிவு, ஏனெனில் கண்ணுக்குப் புலனாகும் ஒளியாலும் அவை கருமையாகின்றன. சாதாரண சன்ஸ்கிரீன் அந்த ஒளியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. உறையில் எஸ்.பி.எஃப். என்று குறிக்கும் பாதுகாப்பு எண் 30 என்றால், தோலைச் சிவக்கவைக்கும் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தையும், 50 என்றால் ஏறத்தாழ 98 சதவீதத்தையும் தடுப்பதாகக் கணக்கிடுவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால்தான். எண்ணைப் பார்த்து வாங்கிவிட்டுப் பொட்டளவு பூசுவதால் பயனில்லை. வெயிலில் இருக்கும்வரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்து ஒருவர் எங்கே தொடங்குவது? வறண்ட தோல் உடையவர், குறிப்பாக முதியவர், நறுமணம் சேராத சின்டெட் கட்டியும் கிளிசரினும் செராமைடும் உள்ள கிரீமும் வாங்கட்டும். அரிப்போடு இரவெல்லாம் புரளும் பெரியவர்களில் பலருக்கு இந்த மாற்றம் மட்டுமே நல்ல உறக்கத்தைத் திருப்பித் தரும். எண்ணெய்ப்பசை உள்ளவருக்கு மென்மையான ஃபேஸ்வாஷும் ஜெல்லும். எளிதில் சிவப்பவருக்குப் பட்டியலில் பொருள்கள் மிகக் குறைவாக உள்ள பொருளே நல்லது, அது பெட்ரோலியம் ஜெல்லியாகவே இருந்தாலும். எதுவானாலும் ஒரே நேரத்தில் இரண்டு புதிய பொருள்களைத் தொடங்க வேண்டாம். ஒவ்வாமை வந்தால் எதனால் என்று தெரியாமல் போய்விடும். முழங்கையின் உட்புறத்தில் சிறு இடத்தில் நாளைக்கு இருமுறை வீதம் 7 முதல் 10 நாள்கள் பூசிப் பார்த்து, சிவப்போ அரிப்போ இல்லையென்றால் பிறகு முகத்துக்குக் கொண்டுபோகலாம். கழுவுபொருளை மாற்றி, ஒழுங்காகப் பூசியும் சில வாரங்களில் அரிப்பு குறையவில்லை என்றாலோ, தோல் கசிந்து பொருக்குத் தட்டினாலோ, வறட்சியோடு உடல் எடையும் காரணமின்றிக் குறைந்தாலோ, அது கடையில் கிடைக்கும் பொருளால் தீரக்கூடியதன்று. தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும், செல்லும்போது அதுவரை பயன்படுத்திய பொருள்களின் உறைகளையும் எடுத்துச் செல்ல வேண்டும்.